தழும்புகள்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

கிம் ஃபுக் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். வியட்நாம் போரில் நேபாம் குண்டில் எரிந்து, உடம்பில் துணியில்லாமல் ரோட்டில் ஓடிவந்த சின்னப் பெண். பின்னாளில் இயேசுவை ஏற்றுக்கொண்டு, தன்னை எரித்தவர்களை மன்னித்து, சுகமானார் என்று இரண்டே பத்தியில் முடித்துவிட்டீர்கள். எனக்கு அது போதவில்லை. கொஞ்சம் கோபமும் வந்தது, அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு ஏழு வயதில் எங்கள் வீட்டு முற்றத்தில் ஷெல் விழுந்தது. இடது கை தோளில் இருந்து மணிக்கட்டு வரை வெந்துபோனது. வலது தொடையில் ஒரு சன்னம், ஷெல் சிதறிய இரும்புத்துண்டு, இன்னும் உள்ளே இருக்கிறது, எடுக்கப்போனால் நரம்பு போய்விடும் என்று டாக்டர்கள் விட்டுவிட்டார்கள். என் தம்பி அன்றைக்கே போய்விட்டான். இப்போது எனக்கு 34 வயது. ஆறு வருடத்துக்கு முன் சபைக்கு வந்தேன். யாரும் இழுத்து வரவில்லை, நானாகத்தான் வந்தேன். வந்தபிறகு இரவில் அலறி எழுவது நின்றது, அது சத்தியம். ஆனால் கை வலி நிற்கவில்லை. தொடை வலியும் நிற்கவில்லை.

போன மாதம் எங்கள் சபையில் சுகமளிக்கும் கூட்டம் நடந்தது. வெளியிலிருந்து வந்த ஊழியக்காரர் ஒருவர் என் தலையில் கைவைத்து ஜெபித்துவிட்டு, வலி போய்விட்டதா என்று கேட்டார். இல்லை என்றேன். "யாரையோ மன்னிக்காமல் மனதில் வைத்திருக்கிறாய் மகளே, அதுதான் சுகத்தைத் தடுக்கிறது" என்றார். மைக்கில் சொன்னார் அக்கா, எல்லாருக்கும் கேட்டது. அன்றிலிருந்து எனக்கு ஜெபிக்கவே வரவில்லை.

கிம் ஃபுக்குக்கு வலி நின்றதா? அவர் உண்மையாகவே மன்னித்தாரா, இல்லை மேடைக்காக அப்படிச் சொல்ல வைத்தார்களா? அடுத்த மாதம் என்னைச் சாட்சி சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். முழுக்கை சட்டை போட்டுக்கொண்டு போய், கர்த்தர் என்னைச் சுகமாக்கினார் என்று சொல்லிவிட்டு இறங்கிவிடவா?

பெயரும் ஊரும் போடவேண்டாம்.

உங்கள் சகோதரி


அன்புள்ள தங்கைக்கு,

பெயரும் ஊரும் போடவில்லை, நாட்டைக் காட்டிக்கொடுக்கக்கூடிய இரண்டு வரிகளையும் எடுத்துவிட்டேன். உங்கள் கோபம் நியாயம்தான். ஒரு மனுஷியின் 50 வருடத்தை "மன்னித்தார், சுகமானார்" என்று இரண்டு சொல்லில் அடைத்தது நான் செய்த தவறு, அந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில்தான் உங்களுக்கு வேண்டியது எல்லாம் இருந்திருக்கிறது.

முதல் கேள்விக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன். நிற்கவில்லை. கிம் ஃபுக்குக்கு வலி நிற்கவில்லை.

1972 ஜூன் 8. சைகோனுக்கு வடமேற்கே ட்ராங் பாங் என்ற ஊர். அவருக்கு ஒன்பது வயது. ஊர்க்காரர்கள் மூன்று நாளாகக் காவ் தாய் கோயிலுக்குள் ஒளிந்திருந்தார்கள், காவ் தாய் என்பது வியட்நாமில் தோன்றிய ஒரு மதம், அதுதான் அவர் குடும்பத்தின் மதம். வெளியே ஓடச் சொல்லிச் சிப்பாய்கள் கத்த, ஓடினார்கள், விமானம் வந்தது. நேபாம் என்பது பெட்ரோலைக் கூழாக்கிச் செய்வது, பட்ட இடத்தில் ஒட்டிக்கொண்டு எரியும், தட்டிவிட முடியாது. இடது கையில் பற்றிய தீயை வலது கையால் துடைக்கப்போய் அந்தக் கையும் வெந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். "நோங் க்வா, நோங் க்வா" என்று கத்திக்கொண்டு ஓடினார், ரொம்பச் சுடுகிறது என்று அர்த்தம். உறவில் இரண்டு சின்னக் குழந்தைகள் அன்றைக்கு இறந்தார்கள். அவர் அப்படி ஓடிவரும்போது எடுத்த புகைப்படம் உலகம் முழுக்கப் போனது, மறுவருடம் புலிட்சர் பரிசும் வாங்கியது. அந்தப் பெண்ணையோ, பிழைக்கமாட்டாள் என்று பிணவறையில் போட்டுவிட்டார்கள். மூன்றாம் நாள் பெற்றோர் தேடி வந்து அங்கேதான் கண்டுபிடித்தார்கள்.

அப்புறம் 14 மாதம் மருத்துவமனை. மொத்தம் 17 அறுவை சிகிச்சைகள். உடம்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெந்திருந்தது. செத்த தோலைச் சுரண்டி எடுப்பதற்காகத் தினமும் தொட்டியில் இறக்குவார்கள், வலி தாங்காமல் மயங்கிவிடுவாராம். உங்களுக்கு இதை விவரித்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்தப் பதிலைப் படிக்கப்போகிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், தீக்காயம் ஆறினால் முடிந்தது என்று நினைக்கிறவர்களுக்காக. ஆழமாக வெந்த தோலில் வியர்வைச் சுரப்பிகள் இருக்காது, உடம்புச் சூடு வெளியேற வழியில்லாமல் வெயில் வந்தால் உள்ளே கொதிக்கும். தழும்பு நீளாது. குழந்தை வளரும், எலும்பு வளரும், தழும்பு மட்டும் வளராமல் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பெரியவர்களுக்குப் பட்ட காயத்துக்கும் குழந்தைக்குப் பட்ட காயத்துக்கும் பெரிய வித்தியாசம் இதுதான். ஏழு வயதில் பட்டது பத்து வயதில் திரும்ப ஒருமுறை காயப்படுத்தும், பதினாறில் இன்னொரு முறை. சேதப்பட்ட நரம்பு முனைகள் காரணமே இல்லாமல் வலியை அனுப்பிக்கொண்டே இருக்கும். பின்னாளில் குடியேறிய கனடாவில் பருவம் மாறும்போதெல்லாம் கிம் ஃபுக்குக்கு வலி அதிகமாகும். ஆகவே உங்கள் கை வலிக்கிறது என்றால் அதற்குக் காரணம் உங்கள் கையில் இருக்கிறது.

அவர் கிறிஸ்தவரானது 1982-ல், பத்தொன்பது வயதில். எப்படிப்பட்ட நிலைமையில் என்பதையும் சொல்ல வேண்டும். டாக்டராக வேண்டும் என்று ஆசைப்பட்டுப் படிக்கப் போயிருக்கிறார். அரசாங்கத்துக்கு அந்தப் படத்தில் இருந்த பெண் இவர்தான் என்று தெரிந்துபோனது. படிப்பை நிறுத்தி, வெளிநாட்டு நிருபர்கள் முன்னால் கொண்டுபோய் உட்காரவைத்துப் பேசவைத்தார்கள், என்ன பேச வேண்டும் என்பதையும் அவர்களே முடிவுசெய்தார்கள். குண்டு ஒருமுறை எரித்தது, படம் அவரைத் திரும்பத் திரும்ப எரித்தது. செத்துப்போகலாம் என்று நினைத்த காலம் அது. அந்த நாட்களில் சைகோனில் ஒரு நூலகத்தில் மதப் புத்தகங்கள் இருந்த அலமாரியில் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டு வந்தவர் கையில் புதிய ஏற்பாடு அகப்பட்டது. "நானே வழியும் சத்தியமும் ஜீவனுமாயிருக்கிறேன்" என்ற இடத்தில் நின்றுவிட்டார். அந்த வருடக் கிறிஸ்துமஸ் சமயத்தில், ஒரு சின்னச் சபையின் ஆராதனையில் எழுந்து முன்னால் போனார்.

யாரும் இழுத்து வரவில்லை, நானாக வந்தேன் என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு அந்த நூலகம்தான் ஞாபகம் வந்தது. அங்கே அவருக்கு யாரும் சுகம் தருவதாகச் சொல்லவில்லை. வலிக்கிற ஒருத்தி, காயப்பட்ட ஒருவரைப் பற்றிப் படித்தாள். என்னைப் போல அடிபட்ட ஒருவர், என்னைப் போல நியாயமில்லாமல் அடிபட்ட ஒருவர் கடவுளாக இருக்க முடியுமா என்கிற ஆச்சரியம்தான் அவரைப் பிடித்தது என்று நினைக்கிறேன். எனக்கும் அதுதான் பிடித்தது, அதனால் அப்படி நினைக்கிறேனோ என்னவோ.

இரண்டாவது கேள்வி. உண்மையாக மன்னித்தாரா, சொல்ல வைத்தார்களா. அவரை மேடையேற்றிப் பேசவைத்தவர்கள் இருந்தார்கள், அது மெய். ஆனால் அவர்களிடமிருந்துதான் அவர் தப்பி ஓடினார். 1986-ல் படிக்க கியூபாவுக்கு அனுப்பப்பட்டார், அங்கே உடன் படித்த ஒரு வியட்நாமியரை 1992-ல் கல்யாணம் செய்துகொண்டார், தேனிலவுக்கு மாஸ்கோ போய்த் திரும்பும்போது எரிபொருள் நிரப்பக் கனடாவில் காண்டர் என்ற இடத்தில் விமானம் இறங்க, இருவரும் இறங்கி அடைக்கலம் கேட்டார்கள். கையில் ஒன்றும் இல்லை. அதற்கும் நான்கு வருடம் கழித்து, 1996-ல், வாஷிங்டனில் வியட்நாம் போர் நினைவுச் சுவர் முன்னால், அந்தப் போரில் சண்டையிட்ட ஆயிரக்கணக்கான ஆட்கள் எதிரில் நின்று பேசினார். குண்டு போட்ட விமானியை நேரில் பார்த்தால், நடந்ததை நம்மால் மாற்ற முடியாது, இனி நல்லதைச் செய்யப் பார்ப்போம் என்று சொல்வேன் என்றார். அப்போது அவருக்குக் கட்டளையிட யாருமே இல்லை. அதனால்தான் நான் அதை நம்புகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், பலருக்கு இது தெரியாது. குண்டு போட்ட அந்த விமானம் அமெரிக்கப் படையினுடையது இல்லை. தென்வியட்நாம் விமானப்படையினுடையது. தன்னைக் காப்பாற்றுவதாகச் சொன்ன பக்கமே தன் தலையில் போட்டது. அப்படிப்பட்டதை மன்னிப்பது எதிரியை மன்னிப்பதைவிடக் கஷ்டம் என்று எனக்குத் தோன்றும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். எரிந்தது 1972. விசுவாசத்துக்கு வந்தது 1982. அந்த மேடை 1996. நடுவில் 24 வருடம். உங்கள் சத்துருக்களுக்காக ஜெபம் பண்ணுங்கள் என்ற வசனத்தைப் படித்துவிட்டு, இது எப்படி என்னால் முடியும் என்று அவரே திணறியிருக்கிறார். ஜெபிக்க ஜெபிக்கத்தான் மனம் இளகியது என்கிறார். ஒரே நாளில் நடக்கவில்லை. மைக்கில் ஒருவர் கேட்டார் என்பதற்காகவும் நடக்கவில்லை. மன்னித்த பிறகும் அவர் என்ன சொன்னார் தெரியுமா? உடம்பில் தழும்புகள் இருக்கின்றன, பெரும்பாலான நாட்களில் கடுமையான வலி இருக்கிறது, ஆனால் என் இருதயம் சுத்தமாகிவிட்டது என்றார். மன்னித்தார், வலி இருந்தது. இரண்டும் ஒரே ஆளிடம் ஒரே நாளில் இருந்தன.

அந்த ஊழியக்காரர் சொன்னது தவறு தங்கை. அவர் நல்ல மனுஷனாகவே இருக்கலாம், ஆனால் அது தவறு, வேதத்தின்படியே தவறு. பிறவிக் குருடனைக் காட்டி இது யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவன் செய்ததும் இல்லை, இவனைப் பெற்றவர்கள் செய்ததும் இல்லை என்றார் இயேசு. பவுல் தன் மாம்சத்திலிருந்த முள்ளை எடுத்துவிடும்படி மூன்று முறை வேண்டிக்கொண்டார், எடுக்கப்படவில்லை. "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில்தான் கிடைத்தது. பவுலிடம் போய் நீ யாரை மன்னிக்காமல் வைத்திருக்கிறாய் என்று யாராவது கேட்பார்களா? ஏழு வயதில் ஷெல் விழுந்த பிள்ளையிடம் மட்டும் கேட்கிறோம்.

நானும் கேட்டிருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன். இருபத்தைந்து வயதிருக்கும். ஆஸ்பத்திரியில் படுத்திருந்த ஒரு தோழியிடம், மனதைச் சுத்தமாக்கிக்கொள், சுகம் தானாக வரும் என்று சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அந்த முதுகை நான் இன்றுவரை மறக்கவில்லை. பின்னால் போய் மன்னிப்புக் கேட்டேன், அவள் மன்னித்தாள், ஆனாலும் அந்த இரவில் அவளோடு இருந்திருக்க வேண்டிய ஒரே ஆளை நான் அவளிடமிருந்து எடுத்துவிட்டேன். கர்த்தரைத்தான் சொல்கிறேன்.

உங்களுக்கு ஜெபிக்க வரவில்லை என்றால் அதற்கு நீங்கள் காரணம் இல்லை. வராதபோது சங்கீதத்தைத் திறந்து வையுங்கள். எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் கர்த்தாவே என்று நேருக்கு நேர் கேட்கிறவர்கள் அதில் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களில் யாரும் அவிசுவாசி என்று வெளியே தள்ளப்படவில்லை. தம்பியை நினைத்துக் கோபம் வந்தால் அந்தக் கோபத்தோடேயே ஜெபியுங்கள். யார் ஏவிய ஷெல் என்று உங்களுக்குத் தெரியாது, முகம் தெரியாத ஒருவரை மன்னிப்பது எப்படி என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கிம் ஃபுக்குக்கு 24 வருடம் ஆனது. உங்களுக்கு எவ்வளவு ஆகும் என்று வெளியிலிருந்து யாரும் கெடு வைக்க முடியாது.

சரி, தழும்புக்கு வருகிறேன். உங்கள் சபையிலும் சுவரில் எழுதியிருப்பார்கள், "அவருடைய தழும்புகளால் குணமாகிறோம்". ஏசாயா 53. எத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம், அந்தச் சொல்லை நின்று கவனிக்கிறோமா? மூலமொழியில் அது அடிபட்ட காயத்தைக் குறிக்கிற சொல். தமிழில் நமக்குத் தழும்பு என்று வந்திருக்கிறது. காயம் ஆறிய பிறகும் போகாமல் நிற்பதற்குத்தான் தமிழில் தழும்பு என்று பெயர். எனக்கு அந்த மொழிபெயர்ப்பு மேல் தனிப் பிரியம் உண்டு. ஏனென்றால் உயிர்த்தெழுந்த இயேசு தம் சீஷன் தோமாவுக்கு முன்னால் வந்து நின்றபோது அவர் கையில் ஆணி துளைத்த அடையாளம் அப்படியே இருந்தது, விலாவில் ஈட்டி பாய்ந்த இடம் இருந்தது. உன் விரலை இங்கே நீட்டு என்றார். மரணத்தையே ஜெயித்தவருக்கு அந்த அடையாளத்தை அழிக்க முடியாமலா இருந்திருக்கும்? வைத்துக்கொண்டார். அதை வைத்துத்தான் தோமாவுக்கு அவரை அடையாளம் தெரிந்தது. தழும்பு இருப்பதால் சுகம் வரவில்லை என்று யாராவது இனி உங்களிடம் சொன்னால், இந்தப் பகுதியை எடுத்து வாசித்துக் காட்டுங்கள்.

கிம் ஃபுக்கும் வருடக்கணக்காக முழுக்கைதான் போட்டார். அந்தப் படத்தை வெறுத்தார், ஏன் என்னை அந்த நிலையில் எடுத்தார்கள் என்று கூச்சப்பட்டார். 2022 ஜூலையில் போலந்தின் வார்சாவிலிருந்து கனடாவுக்கு 236 உக்ரைன் அகதிகளை ஏற்றிக்கொண்டு ஒரு விமானம் போனது, அந்த விமானத்தின் உடல்மீது அதே படத்தை வரைந்திருந்தார்கள். கிம் ஃபுக் அதே விமானத்தில் அவர்களோடு போனார். எந்த விமானத்தைப் பார்த்து ஓடினாரோ, அந்த ஓட்டத்தின் படத்தைச் சுமந்துகொண்டு இன்னொரு விமானம், உள்ளே போரிலிருந்து தப்பி வந்த பிள்ளைகள். இதை எழுதும்போதே எனக்குத் தொண்டை அடைக்கிறது.

இன்னொரு விஷயம், இதை அந்த ஊழியக்காரர்கள் சாட்சியாகச் சொல்வதில்லை, நான் சொல்கிறேன். 2015-ல், 52 வயதில், மயாமியில் ஒரு தோல் மருத்துவரிடம் லேசர் சிகிச்சை ஆரம்பித்தார். கெட்டிப்பட்ட தழும்பில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் போட்டு அதை இளக வைக்கிற சிகிச்சை. இவ்வளவு காலமும் பரலோகம் போனால்தான் தழும்பும் வலியும் இல்லாமல் இருப்பேன் என்று நினைத்தேன், இப்போது பூமியிலேயே பரலோகம் என்று சந்தோஷப்பட்டார். 33 வருட விசுவாசி. டாக்டரிடம் போனதால் அவர் விசுவாசம் குறையவில்லை. 2022 வரைக்கும் அந்தச் சிகிச்சை தொடர்ந்தது.

ஆகவே நீங்களும் போங்கள். தழும்புக்கான லேசர் எல்லாருக்கும் எல்லா இடத்திலும் கிடைக்காது, செலவும் அதிகம், ஆனால் நரம்பு வலிக்கு வேறு மருந்துகள் இருக்கின்றன, சாதாரண வலி மாத்திரைக்குக் கேட்காத வலி அது என்பது பல டாக்டர்களுக்கே உடனே தோன்றாது. எரிகிறது, குத்துகிறது, கரண்ட் அடிக்கிறது, எது என்று அப்படியே சொல்லுங்கள். பிசியோதெரபியை இத்தனை வருடத்துக்குப் பிறகு தொடங்கினாலும் பலன் இருக்கும். தொடையில் சன்னம் இருப்பதை எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், எம்ஆர்ஐ எடுப்பதற்கு முன் கட்டாயம் சொல்ல வேண்டும், உள்ளே இருக்கிற இரும்பு அந்தக் காந்தத்தில் நகரலாம். பழைய எக்ஸ்ரே இருந்தால் கையோடு கொண்டுபோங்கள். அன்றைக்கு எடுக்க முடியாது என்று விட்டது இன்றைக்கும் எடுக்க முடியாதா என்பதையும் ஒருமுறை கேளுங்கள்.

சாட்சியில் என்ன சொல்வது என்று கேட்டீர்கள். எனக்கு எழுதியதையே சொல்லுங்கள். நானாக வந்தேன். இரவில் அலறி எழுவது நின்றது, அது சத்தியம். கை வலிக்கிறது. தொடை வலிக்கிறது. தம்பி பெயரையும் சொல்லுங்கள், அந்த மேடையில் அவன் பெயர் ஒருமுறையாவது கேட்கட்டும். மன்னிப்பு எங்கே வரை வந்திருக்கிறதோ அதுவரை மட்டும் சொல்லுங்கள், வராததை வந்ததாகச் சொல்ல வேண்டாம். அந்தக் கூட்டத்தில் உங்களைப் போலவே சட்டைக்குள்ளே எதையோ மறைத்துக்கொண்டு இன்னும் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். வலி போய்விட்டது என்று நீங்கள் பொய் சொன்னால் அவர்கள் தங்கள் விசுவாசத்தைத்தான் சந்தேகப்படுவார்கள். அதைவிட, இதெல்லாம் வேண்டாம், இந்த மாதம் என்னால் முடியாது என்று போதகரிடம் சொல்லிவிடவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது.

முழுக்கையா அரைக்கையா என்பதை அன்று காலை கண்ணாடி முன்னால் நின்று நீங்களே முடிவுசெய்யுங்கள். எதைப் போட்டுக்கொண்டு போனாலும், அன்று மாலை எனக்கு இரண்டு வரி எழுதுங்கள். அன்றைக்கு நான் உங்களுக்காக ஜெபித்துக்கொண்டிருப்பேன், உங்கள் தம்பியையும் நினைத்துக்கொண்டு.

அன்புடன்,
அக்கா